நல்ல வெயில்

எங்கள் பக்கத்து வெயிலைப் பற்றி என்னிடம் கேட்டால் ஒரு நல்ல வார்த்தை வராது. மாசி பிறந்தால் போதும், மொட்டைமாடித் தொட்டித் தண்ணீரில் காலை எட்டு மணிக்கே கை வைக்க முடியாது. நிறுத்திவிட்டுப் போன வண்டியின் சீட்டில் உட்கார்ந்தால் உட்கார்ந்த வேகத்தில் எழுந்திருக்க வேண்டும். கொடியில் போட்ட புதுச்சட்டை இரண்டே மாதத்தில் சாயம் போய்க் கரித்துணி ஆகிவிடும். ஆனால் இதையெல்லாம் சேந்தமங்கலம் ரோட்டில் இருக்கும் மாவு மில்லுக்குள் போய்ச் சொல்லிவிடாதீர்கள். அங்கே இருப்பவர்களுக்குக் கோபம் வந்துவிடும்.

குச்சிக்கிழங்கை, அதாவது மரவள்ளியை, அரைத்துப் பாலெடுத்து, தொட்டியில் தெளியவிட்டு, அடியில் தங்கும் ஈர மாவை வெட்டியெடுத்துக் களத்தில் காயப்போடுவது அந்த மில்லின் வேலை. காலையில் கொட்டிய மாவு பொழுது சாய்வதற்குள் காய்ந்தாக வேண்டும். மேகம் மூடிக்கொண்டால் புளித்துப் பழுப்பேறிவிடும். அதனால் காலையில் வருகிறவர்கள் ஒருவரையொருவர் பார்ப்பதற்கு முன்னால் வானத்தைப் பார்ப்பார்கள். பார்த்துவிட்டு "இன்னிக்கி நல்ல வெய்யிலு" என்பார்கள். ஐப்பசியில் பத்து நாள் விடாமல் வெயில் காய்ந்ததற்காக அந்த மில் முதலாளி சாமிக்குப் பொங்கல் வைத்ததை நானே பார்த்திருக்கிறேன்.

ஒரு ஏக்கருக்குச் சிமெண்டு போட்ட களம். அதன்மேல் விரல் கனத்துக்கு வெள்ளை மாவு. பத்து மணிக்கு மேல் அதை ஏறிட்டுப் பார்க்க முடியாது. மேலேயும் வெயில், கீழேயும் வெயில். பன்னிரண்டு பெண்கள் தலையில் துண்டைக் கட்டிக்கொண்டு, கைப்பிடி வைத்த மரப்பலகையால் மாவை இழுத்து இழுத்துப் புரட்டிக் கொடுப்பார்கள். செருப்புப் போடக்கூடாது, மாவு அழுக்காகிவிடும். பாதம் பழகிவிடும். கண்தான் பழகாது.

அந்தப் பன்னிரண்டு பேரில் ஒருத்தி பாவாயி. வயது நாற்பத்தாறு. அவளுக்கு மற்றவர்களுக்கு இல்லாத ஒரு வேலை உண்டு. கிழக்கே கொல்லிமலையைப் பார்த்துக்கொண்டே மாவு புரட்ட வேண்டும். கோடை மழை எங்களுக்கு மலையிலிருந்துதான் இறங்கும். மதியத்துக்கு மேல் மலைத்தலையில் மேகம் கூடினால், அது வெறுமனே நிற்குமா, இறங்குமா என்று பாவாயிக்குத் தெரியும். "அள்ளுங்கடி" என்று அவள் ஒரு சத்தம் போட்டால் பன்னிரண்டு பேரும் மாவைக் குவித்துத் தார்ப்பாய் போட்டு மூடிவிட்டு நிமிர்வார்கள். சரியாக அப்போது முதல் துளி விழும். இதற்காக அவளுக்குத் தனியாக யாரும் ஒன்றும் கொடுத்ததில்லை. ஆனால் அவள் ஒருநாள் வராவிட்டால் முதலாளி ஜெகதீஸ்வரனே வீட்டுக்குப் போன் போட்டு, "ஏனுங்க்கா, மலையப் பாக்க ஆளில்லீங்களே" என்பான். அந்தப் பெருமை அவளுக்குப் போதுமானதாக இருந்தது.

களத்தில் வேலை செய்யும் எல்லாருக்கும் கண் சிவந்துதான் இருக்கும். மத்தியானம் கம்மஞ்சோற்றுக் கரைசலும் சின்ன வெங்காயமுமாக வேப்பமரத்து நிழலில் உட்காரும்போது பார்த்தால், பன்னிரண்டு பேரும் ஒரே வீட்டுச் சாவுக்குப் போய் அழுதுவிட்டு வந்தவர்கள் போலிருப்பார்கள். எரிச்சல், நீர் வடிதல், உறுத்தல். எல்லாவற்றுக்கும் ஒரே பெயர், சூடு. தலைக்கு விளக்கெண்ணெய் வைத்தார்கள், கொத்தமல்லித் தண்ணீர் குடித்தார்கள். ஒன்றும் கேட்கவில்லை.

மூன்று வருடத்துக்கு முன்னால் காளியப்பன்தான் அந்தச் சொட்டு மருந்தைக் கொண்டுவந்தான். அவன் பாவாயியின் புருஷன். மில்லுக்குக் கிழங்கு ஏற்றிவரும் டிராக்டரை ஓட்டுகிறவன். பொண்டாட்டியின் கண்ணைப் பார்க்கப் பொறுக்காமல் டவுனில் ஒரு மருந்துக்கடையில் சொல்லிக் கேட்டான். கடைக்காரர் டாக்டர் சீட்டு எதுவும் கேட்காமல் ஒரு சின்ன பாட்டிலை எடுத்துக் கொடுத்தார். இரண்டு சொட்டு விட்டு அரைமணி நேரத்தில் சிவப்பு மறைந்துவிட்டது.

"ஐஸு வெச்சாப்பல இருக்குதுங்க" என்றாள் பாவாயி.

அவள் முகம் அப்படி மலர்ந்ததைப் பார்த்துக் காளியப்பனுக்கு ஒரே சந்தோஷம். கல்யாணமான நாளிலிருந்து அவளுக்கென்று ஒரு முழம் பூக்கூடத் தானாக வாங்கி வராத ஆள் அவன். அந்தச் சொட்டு மருந்தை மட்டும் தீரும் முன்னாலேயே வாங்கிவந்து கொடுத்தான். பார்த்துவிட்டு மற்றப் பெண்களும் கேட்டார்கள். பக்கத்து வீட்டுக் குப்பாயி, "அண்ணா, எனக்கொண்ணு" என்றாள். பிறகு களம் முழுக்க. யாருடையது தீர்ந்தாலும் இன்னொருத்தியின் மடியில் ஒன்று இருக்கும். பாவாயிதான் அதிகம் விட்டாள், நாளைக்கு மூன்று வேளை, நான்கு வேளை. மலையைப் பார்க்கிற கண் தெளிவாக இருக்க வேண்டுமே.

மகள் கிருத்திகா சேலத்தில் ஒரு ஜவுளிக்கடையில் வேலை செய்கிறாள். அவள் ஒருமுறை அம்மாவுக்குக் கறுப்புக் கண்ணாடி வாங்கி வந்தாள். பாவாயி அதைப் போட்டுக்கொண்டு களத்தில் இறங்கியதும் பெண்கள் பலகையைக் கீழே போட்டுவிட்டுச் சிரித்தார்கள். "ஏங்க்கா, புரை அறுத்துட்டாங்களா, இல்ல சினிமாவுல கூப்புட்டாங்களா?" என்றாள் குப்பாயி. அன்றோடு கண்ணாடி பீரோவுக்குள் போனது. சிரித்த குப்பாயியை நான் குறை சொல்ல மாட்டேன். நானாக இருந்தாலும் சிரித்திருப்பேன்.

போன பங்குனியில் ஒருநாள் மதியம் பாவாயி சத்தம் போட்டாள். "அள்ளுங்கடி! மல மூடுது!"

பன்னிரண்டு பேரும் தலைதெறிக்க அள்ளிக் குவித்துத் தார்ப்பாய் போட்டார்கள். நிமிர்ந்து பார்த்தால் மலை துடைத்து வைத்ததுபோல் நிற்கிறது. ஒரு பொட்டு மேகம் இல்லை. அரை ஈர மாவு தார்ப்பாய்க்குள் வெந்துகொண்டிருந்தது.

"ஏங்க்கா, எங்க மேகம்?" என்றாள் குப்பாயி.

"அங்கதான் புள்ள வெள்ளையா மூடிட்டு நின்னுது. கலஞ்சுருச்சாட்டம் இருக்குது."

எல்லாருக்கும் ஒருநாள் தப்புவது உண்டு என்று விட்டுவிட்டார்கள். ஆனால் நாலு நாள் கழித்து மறுபடியும் அப்படியே நடந்தது. இந்த முறை ஜெகதீஸ்வரன் ஆபீஸ் அறையிலிருந்து வெளியே வந்துவிட்டான். கோபக்காரன் இல்லை, ஆனால் முகம் சுருங்கியிருந்தது.

"பாவாயக்கா, ஒடம்பு கிடம்பு செரியில்லீங்களா?"

"நல்லாத்தானுங் இருக்கறேன் தம்பி. வெய்யிலு, கண்ணக் கட்டுது."

"செரி உடுங்க. இனி மழைக்கு நான் போன்ல பாத்துக்கறேன். அதுல மணிவாரியாப் போட்டர்றான். நீங்க மாவ மட்டும் பாருங்க."

நல்ல மனதோடுதான் சொன்னான். ஆனால் பாவாயி அன்றைக்குச் சோற்றுப் போசியைத் திறக்கவே இல்லை. அவளுக்குத் தெரிந்திருந்தது. ஆறு மாதமாகப் பலகையின் கைப்பிடி இடறி விழுகிறாள். லைட்டைச் சுற்றி வட்டம் வட்டமாக வண்ணம் தெரிகிறது. குழம்பில் உப்பை இரண்டு தரம் போட்டுவிட்டு, அதைக் காளியப்பன் குறை சொல்லாமல் தின்பதைக் கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள். எல்லாவற்றையும் வெயில் கணக்கில் எழுதிவிட்டு இன்னும் இரண்டு சொட்டு விட்டுக்கொண்டாள். கண் போச்சு என்றால் களம் போச்சு. களம் போனால் அவள் யார்?

சித்திரை முதல் வாரத்தில் மழை வந்தது.

அன்று வெயில் கொஞ்சநஞ்சமில்லை. மரத்தில் ஓர் இலை ஆடவில்லை. ஜெகதீஸ்வரனின் போனில் மழை இல்லை. களம் நிறைய, அன்றைக்கு வழக்கத்தைவிட அதிகமாக மாவு கிடந்தது. மூன்று மணி வாக்கில் பாவாயிக்குக் காற்றில் ஈரவாடை அடித்தது. திரும்பி மலையைப் பார்த்தாள். வெள்ளையாக இருந்தது. ஆனால் இப்போதெல்லாம் அவளுக்கு மலை எப்போதுமே வெள்ளையாகத்தான் இருந்தது. வாயைத் திறந்தாள். மூன்றாவது முறையும் தப்பிவிட்டால் என்று நினைத்தாள். வாயை மூடிக்கொண்டு பலகையை இழுத்தாள்.

முதல் துளி குப்பாயியின் கையில் விழுந்தது. "ஐயோ, மலையப் பாருங்கடி!" என்று அவள் அலறியபோது மலையே இல்லை, மேகம் கறுப்பாக மூடிக்கொண்டு பாதித் தூரம் இறங்கியிருந்தது. தார்ப்பாயை விரிப்பதற்குள் காற்று அதைப் பிடுங்கிக்கொண்டு போனது. பத்து நிமிஷம்தான் பெய்தது. களத்திலிருந்த மாவு முழுவதும் பாலாய்க் கரைந்து சாக்கடையில் ஓடியது. பத்து நிமிஷம் கழித்து ஒன்றும் நடக்காததுபோல் மறுபடியும் வெயில் வந்து பல்லைக் காட்டியது.

பெண்கள் எல்லாரும் கொட்டகைக்குள் ஓடிவிட்டார்கள். பாவாயி மட்டும் களத்தின் நடுவில், முழங்கால் வரை மாவுச் சேறோடு, கொட்டகைக்கு எதிர்ப்பக்கம் பார்த்து நின்றுகொண்டிருந்தாள். டிராக்டரை நிறுத்திவிட்டு வந்த காளியப்பன், "ஏ பாவாயி, அங்க என்ன நின்னுட்டிருக்கற? வா இக்கட்ட" என்று கூப்பிட்டான். குரல் வந்த திசைக்குத் திரும்பினாள். ஒரு கையை முன்னால் நீட்டித் தடவிக்கொண்டு நடந்தாள். அவன் பத்தடி தூரத்தில் நின்றான். அவள் அவனைத் தாண்டிப் போனாள்.

கொட்டகையிலிருந்த பெண்கள் அதைப் பார்த்தார்கள். வந்த கோபத்தோடு வெளியே வந்த ஜெகதீஸ்வரனும் அப்படியே நின்றுவிட்டான்.

"எத்தன நாளா?" என்றான் காளியப்பன், அவள் கையைப் பிடித்துக்கொண்டு.

"தெரியிலீங்க" என்றாள் பாவாயி. "கொஞ்சங் கொஞ்சமாப் போச்சு. சூடுதானேன்னு இருந்துட்டேன்."

அடுத்த நாள் சேலத்தில் கண்ணாஸ்பத்திரிக்குப் போனார்கள். கிருத்திகா கடைக்கு லீவு சொல்லிவிட்டு பஸ் ஸ்டாண்டிலேயே காத்திருந்தாள். காலையிலிருந்து ஒவ்வொரு அறையாக உட்காரவைத்து, மருந்து விட்டு, இயந்திரத்தில் தாடையை வைக்கச் சொல்லிப் பார்த்தார்கள். கடைசியாக ஒரு டாக்டரம்மா மூன்று பேரையும் உள்ளே கூப்பிட்டாள். கிருத்திகாவைவிடக் கொஞ்சம்தான் மூத்தவளாக இருப்பாள்.

"கண்ணுக்கு ஏதாவது மருந்து விட்டுட்டு இருந்தாங்களா?"

காளியப்பன் சட்டைப் பையிலிருந்து பாட்டிலை எடுத்து மேசைமேல் வைத்தான். கேட்பார்கள் என்று தெரிந்து ஞாபகமாக எடுத்து வந்திருந்தான். "இதுதானுங்க. மூணு வருசமா ஒரு வேளை தவற உட்டதில்லீங்க."

டாக்டரம்மா பாட்டிலைத் திருப்பிப் படித்தாள். பிறகு மெதுவாகச் சொன்னாள். இது சிவப்பை மட்டும் மறைக்கும், உள்ளே கண்ணின் அழுத்தத்தை ஏற்றிவிடும். எல்லாருக்கும் ஏறாது, சிலருக்கு ஏறும். டாக்டர் பார்த்து ஒரு வாரம், பத்து நாள் கொடுக்கிற மருந்து. இவர்களுக்கு இரண்டு கண்ணிலும் நரம்பு பட்டுப்போய்விட்டது. புரையும் விழுந்திருக்கிறது. புரையை எடுக்கலாம், ஆனால் நரம்பு போனது போனதுதான்.

"அப்ப வெய்யிலு இல்லீங்களா?" என்றான் காளியப்பன்.

"வெயில்ல கண்ணு சிவந்திருக்கும், எரிஞ்சிருக்கும். அதோட போயிருக்கும். பார்வையை எடுத்தது இந்த மருந்துதாங்க."

அவன் மேசையைப் பிடித்துக்கொண்டான். "என்ற கண்ணு ஒண்ண எடுத்து வெக்க முடியுமுங்களா?"

"கண்ணை மாத்தினாலும் நரம்பை மாத்த முடியாதுங்க."

கிருத்திகா வாயில் துப்பட்டாவை அழுத்திக்கொண்டு வெளியே போய்விட்டாள். பாவாயி மட்டும் உட்கார்ந்த இடத்தில் உட்கார்ந்திருந்தாள். அவள் கை மட்டும் காளியப்பனின் சட்டையைத் தேடிப் பிடித்துக்கொண்டது.

திரும்பி வரும்போது பஸ்ஸில் ஜன்னல் ஓரம் அவளை உட்காரவைத்தான். பஸ் ராசிபுரம் தாண்டியது. வெயில் அவள் முகத்திலேயே அடித்தது.

"ஏனுங்க" என்றாள் பாவாயி. "ஊருல கேட்டா வெய்யில்ல போச்சுன்னே சொல்லீரலாமுங்க."

அவன் தலை நிமிரவில்லை.

"வெய்யிலச் சொன்னா அது வந்து நம்மகிட்டக் கோவிச்சுக்கவா போகுது? உங்களைய ஒருத்தரு ஒரு சொல்லு சொல்லி என்ற காதுல உழுக வேண்டாம். நீங்க என்ன கெடுக்கோணும்னா வாங்கியாந்தீங்க?"

அப்படித்தான் சொன்னார்கள். ஆர்லிக்ஸ் பாட்டிலும் ஆரஞ்சுப் பழமுமாக வந்தவர்களிடமெல்லாம் பாவாயியே முந்திக்கொண்டு சொன்னாள். "வெய்யிலுதானுங்க. இத்தன வருசம் களத்துல நின்னா சும்மா உடுமா?" ஒரு வாரம் எங்கள் ஊரே வெயிலைத் திட்டியது. நானும் ஒரு சீப்பு வாழைப்பழத்தோடு போய் உட்கார்ந்து திட்டிவிட்டுத்தான் வந்தேன். காளியப்பன் ஒரு மூலையில் நின்று காபி கொடுத்துக்கொண்டிருந்தான். அவன் ஏன் யார் முகத்தையும் பார்க்கவில்லை என்று அப்போது எனக்குத் தெரியாது.

ஒருநாள் பொழுதோடு, களம் முடிந்த கையோடு குப்பாயி வந்தாள். கால் கழுவாத மாவு காய்ந்து வெள்ளையாக ஒட்டியிருந்தது. கண் ரத்தமாகச் சிவந்திருந்தது. பாவாயியின் பக்கத்தில் உட்கார்ந்து அவள் கையைத் தன் மடியில் வைத்துக்கொண்டாள்.

"மல எப்பிடி புள்ள இருக்குது?" என்றாள் பாவாயி.

"தெளிவா இருக்குதுங்க்கா. நல்ல வெய்யிலு. நீங்க இல்லாமக் களமே நல்லால்ல." மூக்கைச் சிந்தினாள். "உங்களையப் பாத்ததுல இருந்து எனக்குப் பயமாக் கெடக்குதுங்க்கா. அத்தன சொட்டு ஊத்துன உங்களுக்கே வெய்யிலு இப்பிடிப் பண்ணீருச்சு. நான் சோம்பேறி, நாளைக்கு ஒருக்காத்தான் ஊத்துவேன். இனி உங்களாட்டம் நேரந்தவறாம ஊத்தோணும். அண்ணா, நாளைக்கி டவுனுக்குப் போனீங்கன்னா எனக்கு ரெண்டு பாட்டலு வாங்கியாங்க. எல்லா பொம்பளைகளும் கேக்கறாங்க."

காளியப்பனின் கையிலிருந்த டம்ளர் சரிந்து காபி தரையில் கொட்டியது. குப்பாயி, "உடுங்கண்ணா, நான் தொடைக்கறேன்" என்று துணி எடுத்துத் துடைத்துவிட்டுப் போனாள்.

அவள் செருப்புச் சத்தம் கேட்காத தூரத்துக்குப் போனதும் பாவாயி சொன்னாள். "நாஞ் சொன்னது தப்புங்க. அவ ரெண்டு புள்ளைகள வெச்சிருக்கறா."

"நான் போறேன்" என்றான் காளியப்பன்.

"நானும் வாரட்டுங்களா?"

"வேண்டாம். இது நாஞ் சொல்லோணும்."

மறுநாள் மதியம் வெயில் உச்சியில் நிற்கும்போது போனான். களத்தோரம் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே இறங்கினான். டிராக்டர் ஓட்டிப் பழகிய கால், சிமெண்டுச் சூட்டில் துள்ளியது. பெண்கள் பலகையை நிறுத்திவிட்டுப் பார்த்தார்கள். பாவாயி இல்லாமல் பதினோரு பேர்.

"பாவாயி கண்ணு வெய்யில்ல போகுலீங்க" என்றான். "நான் வாங்கியாந்த சொட்டுலதான் போச்சு. டாக்டரம்மா சொல்லீட்டாங்க. என்னைய வையோணும்னா வைங்க. அடிக்கோணும்னா அடிங்க. இருக்கற பாட்டல எல்லாம் எங்கிட்டக் குடுத்துருங்க சாமி."

மாவின் வெளிச்சத்தில் எல்லாருடைய முகமும் வெளுத்துத் தெரிந்தது.

"எங்களுக்கும் நீங்கதானுங்ண்ணா வாங்கியாந்தீங்க" என்றாள் குப்பாயி.

"ஆமா சாமி."

"அப்ப எங்க கண்ணு?"

துண்டை இரண்டு கையாலும் ஏந்தி நின்றான். குப்பாயி மடியை அவிழ்த்துப் பாட்டிலை எடுத்து அதில் போட்டாள். பிறகு ஒவ்வொருத்தியாக வந்து போட்டார்கள். ஒருத்தி போட்டுவிட்டு அவன் காலடியில் காறித் துப்பினாள். பிறகு அவளே குந்தி உட்கார்ந்து அழுதாள்.

சத்தம் கேட்டு வந்த ஜெகதீஸ்வரனிடம் காளியப்பன், "நாளைக்கி இவங்க எல்லாத்தையும் சேலங் கூட்டிட்டுப் போகோணுமுங்க" என்றான். ஜெகதீஸ்வரன் பழக்க தோஷத்தில் வானத்தை அண்ணாந்து பார்த்தான். பொட்டு மேகமில்லை. தொட்டியில் இரண்டு நாள் மாவு வெட்டாமல் கிடந்தது. தலையைக் குனிந்துகொண்டான்.

"செரி. வேன் சொல்றேன்" என்றான். "களத்துக்கு நாளைக்கி லீவு."

காளியப்பன் வீட்டுக்கு வந்தபோது பாவாயி வாசலில், கூரை நிழலுக்கு வெளியே முக்காலி போட்டு உட்கார்ந்திருந்தாள். கிருத்திகாவின் கறுப்புக் கண்ணாடி மடியில் கிடந்தது.

"ஆரு, நீங்களா?"

"ம்."

"சொல்லீட்டீங்களா?"

"சொல்லீட்டேன்."

"வைஞ்சாங்களா?"

"வைஞ்சிருந்தாப் பரவால்ல." மடியிலிருந்த கண்ணாடியைப் பார்த்துவிட்டு, "வெய்யில்ல எதுக்கு உக்காந்திருக்கற? கண்ணாடியவும் போடல. கூசுமில்ல" என்றான்.

"கூசுதுங்க. உள்ள இருந்தா ஒண்ணுமே தெரிய மாட்டீங்குது. இங்க வந்தா வெய்யிலு மட்டுந் தெரியுது. அதாவது தெரியட்டும்னு இருக்கறேன்."

அவளை எழுப்பி உள்ளே கூட்டிப் போக அவன் முன்னால் வந்து நின்றான். பாவாயி சட்டென்று முகத்தை உயர்த்தினாள்.

"அங்கயே நில்லுங்க" என்றாள். "நகராதீங்க. கறுப்பாத் தெரியறீங்க. நீங்க நிக்கறது தெரியுதுங்க."

காளியப்பன் நின்றான். செருப்பைக் களத்தோரத்திலேயே விட்டுவிட்டு வந்திருந்தான். மண் பழுத்துக் கிடந்தது. ஒரு காலை மாற்றி ஒரு காலை வைத்துக்கொண்டு, அவளாகப் போதும் என்று சொல்லுகிறவரைக்கும் அங்கேயே நின்றான்.